கரையை இறக்கச் சொன்ன கணக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில் மிசூரி ஆற்றை ஒட்டியிருக்கிறது ஃப்ரீமான்ட் கவுன்ட்டி. மொத்தமே சுமார் 6,600 பேர். மக்காச்சோளமும் சோயாவும்தான் பிழைப்பு. அதன் தெற்கு ஓரத்துச் சிற்றூர் ஹாம்பர்க். 2011 கோடையில் மிசூரி மாதக்கணக்கில் கரைபுரண்டு ஓடியபோது, ராணுவப் பொறியாளர் படை இரவு பகலாக மண் கொட்டி ஊரின் வெள்ளத்தடுப்புக் கரையைச் சுமார் 8 அடி உயர்த்தியது. ஊர் தப்பித்தது.

கொடுமை அதற்குப் பிறகுதான். அவசரத்துக்குக் கொட்டிய மண் நிரந்தரக் கரைக்கான தரத்தில் இல்லை. ஊரார் செலவு செய்து அதைத் தரப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் அள்ளிவிட வேண்டும் என்றது விதி. 50 லட்சம் டாலருக்கு மேல் தேவைப்பட்டது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர் அவ்வளவு பணத்துக்கு எங்கே போகும்? ஊர்மக்கள் கூடி நடனமாடி, அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டு நிதி கேட்டுப் பார்த்தார்கள். போதிய பணம் சேரவில்லை. ஊரைக் காப்பாற்றிய கரை மறுபடி தாழ்ந்தது.

2019 மார்ச்சில், பனி மூடி உறைந்துகிடந்த நிலத்தின் மேல் கனமழை கொட்டியது. மண்ணுக்குள் இறங்க வழியில்லாத தண்ணீர் அத்தனையும் ஆறுகளுக்குப் பாய்ந்தது. நெப்ராஸ்காவில் ஸ்பென்சர் அணை உடைந்தது. மிசூரியின் கரைகள் பல இடங்களில் அறுத்துக்கொள்ள, ஹாம்பர்க்கின் பெரும்பகுதி மூழ்கியது.

வயல்வெளியில் நடந்தது இன்னொரு துயரம். சீனாவுடனான வர்த்தகச் சண்டையில் விலை விழுந்திருந்ததால், முந்தைய அறுவடையை விற்காமல் எஃகுக் குதிர்களில் வைத்திருந்தார்கள் பல விவசாயிகள். அடியில் தண்ணீர் புகுந்ததும் சோயா ஊறி உப்பியது. உள்ளிருந்து நெட்டித்தள்ளிய வேகத்தில் எஃகுத் தகடுகள் கிழிந்து, தானியம் சேற்றில் சரிந்தது. வெள்ளத்தில் நனைந்த தானியத்தை உணவுக்கோ தீவனத்துக்கோ விற்க முடியாது. பயிர்க் காப்பீடும் கைகொடுக்கவில்லை. வயலில் நிற்கும் பயிருக்குத்தான் அது, குதிருக்குள் போய்விட்ட விளைச்சலுக்கு இல்லை. ஒரு வருட உழைப்பு அப்படியே போனது.

இதை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட முடியாது. மத்திய அரசின் பணத்தில் கரை கட்டுவதென்றால், செலவைவிட அது காக்கும் சொத்தின் மதிப்பு அதிகம் என்று காட்டியாக வேண்டும். பெருநகரத்தில் நாலு கட்டடங்களைக் காட்டினாலே கணக்கு நேராகிவிடும். மலிவான மரவீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் உள்ள ஊருக்கு அது எப்படி நேராகும்? பேரிடர் மேலாண்மை முகமை கவுன்ட்டிகளுக்குத் தயாரிக்கும் அபாயக் குறியீடும் ஆண்டு இழப்பை டாலரில்தான் முதலில் எண்ணுகிறது. ஆளும் சொத்தும் குறைந்த கவுன்ட்டி பட்டியலில் கீழே இறங்குவது இயல்பு. ஆனால், ஊரில் பாதி அழியும்போது மீண்டு எழத் தெம்பு அங்கேதான் மிகக் குறைவு. 2010இல் ஹாம்பர்க்கில் 1,187 பேர் இருந்தார்கள். 2020இல் 890 பேர்.

வெள்ளம் வடிந்த பிறகு பணம் வந்தது, கரையும் உயர்ந்தது. மூழ்கிய வீடுகள் பலவற்றை அரசே விலைக்கு வாங்கி இடித்தது. பிந்திச் செய்த இந்தச் செலவில் ஒரு பகுதியை முன்பே கொடுத்திருக்கலாம். ஒரு வெள்ளத்தைத் தடுத்து நின்று காட்டிய கரையைத் தரப்படுத்தும் பொறுப்பு, அதைக் கட்டிய அரசுடையதாகவே இருக்க வேண்டும். கரை காக்கும் சொத்தைக் கணக்கிடும்போது வீட்டு விலையோடு குதிரில் உள்ள தானியத்தையும், மூடினால் திரும்பத் திறக்காத பள்ளியையும் கடையையும் சேர்த்தே எண்ண வேண்டும். இதற்குச் சட்டத்தில் சில வரிகளைத் திருத்தினால் போதும். அடுத்த வெள்ளத்துக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும்.