ஸார்ஸுவேலா: ஊர் விட்டுப் போன பாட்டு

ஸ்பெயினில் ஸார்ஸுவேலா என்று ஒரு நாடக வகை உண்டு. கொஞ்சம் வசனம், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஆட்டம். ஆபரா மாதிரி முழுக்கப் பாடிக்கொண்டே இருக்க மாட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் மாட்ரிட் பக்கத்தில் ராஜாவின் வேட்டை மாளிகையில் ஆடினார்கள். அந்த மாளிகையின் பெயரே கலைக்கும் ஒட்டிக்கொண்டது.

அரண்மனையில் பிறந்தாலும் அது ஆளானது தெருவில்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாட்ரிட் அரங்குகளில் ஒரு மணி நேர நாடகங்கள், மலிவு டிக்கெட்டில். 1894இல் வந்த 'லா வெர்பெனா தே லா பலோமா'வின் நாயகன் அச்சுக் கோர்க்கும் தொழிலாளி. காதலி ஒரு கிழட்டு மருந்துக்கடைக்காரரோடு திருவிழாவுக்குப் போகிறாளே என்று பொருமுகிறான். அவ்வளவுதான் கதை! இசையமைத்த தொமாஸ் ப்ரெத்தோன், ஸ்பானிய மொழியில் பெரிய ஆபரா வேண்டும் என்று வாதாடியவர். இன்று அவர் பெயர் நிற்பது இந்தக் குட்டி நாடகத்தால்தான்.

எனக்குப் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம். ஸ்பானியர்கள் இதைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டு போனார்கள். அந்த ஊர்க்காரர்கள் கேட்டு ரசித்ததோடு விடவில்லை. தங்கள் தாகலோக் மொழியிலேயே எழுத ஆரம்பித்தார்கள். 1902இல் செவெரினோ ரேயஸ் எழுதிய 'வாலாங் சுகாத்', ஸ்பானியப் பாதிரிமார் செய்த கொடுமையையே மேடையேற்றியது. கொடுத்தவன் மேலேயே திருப்பிய கலை!

பிறந்த ஊரிலும் அதற்குச் சும்மா இடம் கிடைத்துவிடவில்லை. 1856இல் திறந்த மாட்ரிட் ஸார்ஸுவேலா அரங்கை 2018இல் பெரிய ஆபரா அரங்கோடு இணைக்க அரசு முடிவு செய்தது. ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்து வந்த அரசு அதே வருடம் திட்டத்தைக் கைவிட்டது.

என்னைக் கேட்டால், ஒரு கலைக்கு இரண்டும் வேண்டும். பிறந்த ஊரில் ஒரு கூரை, போன ஊரில் ஒரு புது நாக்கு. முதலாவதை மாட்ரிட்காரர்கள் போராடிக் காப்பாற்றினார்கள். இரண்டாவது, நம்மைப் போல வெளியூரில் பிழைக்கிறவர்கள் கையில் இருக்கிறது. பொங்கல் விழா மேடையில் நம் பிள்ளைகள் பாதி இந்தி கலந்து நாடகம் போட்டால் முகம் சுளிக்கிறோமே, அது வேண்டாம். தப்பில்லாத தமிழில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற பிள்ளை அடுத்த வருடம் மேடைக்கு வராது. தன் பள்ளிக்கூட பஸ்ஸையும் பக்கத்து வீட்டு ஆண்ட்டியையும் வைத்துத் தானே எழுதுகிற பிள்ளை வரும். தமிழைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். முதலில் எழுதட்டும், விடுங்கள்.