மஞ்சள் விளக்கைப் பிடுங்காதீங்க!

பழைய கார், ஜீப் வைத்திருக்கும் வீடுகளில், ஸ்பீடாமீட்டர் பக்கத்தில், 'ஏ.பி.எஸ்.,' என்ற மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிந்து கொண்டே கிடப்பதைப் பார்க்கிறேன். கேட்டால், 'சாதா பிரேக் பிடிக்குதுல்ல... விடு' என்கின்றனர் வீட்டு ஆண்கள். பிடிக்கும் தான், அதில் பொய்யில்லை. ஆனால், மழையில் சடன் பிரேக் அடித்தால், சக்கரம் பூட்டிக் கொண்டு, ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினாலும் வண்டி நேராகவே வழுக்கிப் போகுமே... அதைத் தடுப்பது தானே ஏ.பி.எஸ்.,சின் வேலை! 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலைக்கு, பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு போகும் எங்களுக்கு, இது சின்ன விஷயமா?

எங்களுடையது, 2012 மாடல் பெரிய வண்டி. போன ஐப்பசி மழையில் இந்த விளக்கு எரிய ஆரம்பித்தது. கொண்டு போன இடத்தில், 'ஏ.பி.எஸ்., யூனிட்டையே மாத்தணும் மேடம்... 46 ஆயிரம் ஆகும்' என்றனர். 'கம்ப்யூட்டரில் என்ன கோடு வந்துச்சு, எழுதிக் கொடுங்க' என்றேன். இதைக் கேட்க பி.இ., படித்திருக்க வேண்டியதில்லை. நான் பத்தாவது தான். ஆபரேஷன் என்றால், ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா?

சீட்டைப் பார்த்ததும், எங்கள் தெரு முனை மெக்கானிக் தம்பி, 'அக்கா, இது யூனிட் இல்லீங்க... பின்னாடி வலது சக்கரத்து சென்சார்ல இருந்து சிக்னல் வரலைன்னு தான் போட்டிருக்கு' என்றான்.

நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சார் உண்டு. சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தைப் பார்த்து, வேகத்தை அது சொல்லும். கோடு காட்டுவது இடத்தை மட்டுமே. கோளாறு சென்சாரிலா, ஒயரிலா, கனெக்டரிலா, வளையத்திலா என்று கையால் தான் தேட வேண்டும். சேறும், இரும்புத் துகளும் அப்பியிருந்தாலே போதும். சிக்னல் கெட்டு விடும். முதலில் துடைத்துப் பார்த்தான்; விளக்கு அணையவில்லை. பின், மல்டிமீட்டர் வைத்து இடது பக்கத்தையும், வலது பக்கத்தையும் ஒப்பிட்டான். இடதில் ரீடிங் வந்தது. வலதில் ஒன்றுமே இல்லை. ஒயர், இரும்பில் உரசி உரசி உள்ளே அறுந்திருந்தது. அது சென்சாரோடு சேர்ந்தே வருமாம். புது சென்சார், 1,900 ரூபாய், கூலி, 400, ஸ்கேனர் மாட்டியதற்கு, 500. ஆக மொத்தம், 2,800 ரூபாய்!

கடைசியில், ஆளில்லாத ரோட்டில், 30 கி.மீ., வேகத்தில் பிரேக்கை அழுத்திக் காட்டினான். காலடியில், 'தடதட'வென அதிர்ந்தது. அப்படி அதிர்ந்தால், ஏ.பி.எஸ்., வேலை செய்கிறது என்று அர்த்தம். பயந்து காலை எடுத்து விடக் கூடாது. அதே அதிர்வு, மெதுவாக வந்து நிற்கும்போது, உலர்ந்த ரோட்டில் தானாக வந்தால், வளையத்தில் விரிசலோ, துருவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஆத்திரம் வருவது, பீஸைப் பிடுங்கியோ, பல்பைக் கழற்றியோ விளக்கை அணைத்து, 'சரியாயிடுச்சு' என்று காசு வாங்குபவர்கள் மேல் தான். செகண்ட் ஹேண்டில் வாங்குவோர், சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து, சில நொடியில் அணைகிறதா என்று கவனியுங்கள். எரியவே இல்லை என்றால், யாரோ கை வைத்திருக்கலாம்.

'எங்க காலத்துல ஏ.பி.எஸ்., ஏது?' என்கிறார் எங்கள் பெரியப்பா. 2019 ஏப்ரலில் இருந்து புது கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது சும்மாவா? ஜல்லி ரோட்டில், அது இருந்தும் வண்டி நிற்க கூடுதல் தூரம் எடுக்கலாம். அதை ஒப்புக் கொள்கிறேன். அதற்காக, இருப்பதைக் கெட்டுப் போக விடுவதா?

இன்னொன்று... மஞ்சள் விளக்கோடு, சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், கதையே வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். சாதா பிரேக்கையே நம்ப முடியாது. வண்டியை எடுக்காமல், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

— ஒரு வாசகி, நாமக்கல்.