கேட்க ஆளில்லாத கணக்கு: வைத்தியசாலை, வீதி, எரிபொருள்

மாகாண சபை ஒன்றில் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து மூன்று கேள்விகள் கேட்கிறார். கிராமத்து வைத்தியசாலைக்கு இவ்வருடம் ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு கைக்கு வந்தது? சென்ற வருடம் போட்ட வீதி ஒரு மழைக்குள் பெயர்ந்தது ஏன்? அமைச்சின் வாகனங்களுக்கு மாதம் எத்தனை லீட்டர் எரிபொருள் போகிறது? மறுநாள் பத்திரிகையில் இது சிறிய செய்தியாகத்தான் வரும். ஆனால் நமது குடும்பங்களின் அன்றாட வாழ்வோடு இதைவிட நெருக்கமான அரசியல் வேறு இல்லை.

கிழக்கு மாகாணத்தில் இக்கேள்விகளைக் கேட்கும் நாற்காலிகள் 2017 செப்டம்பர் 30ஆம் திகதியிலிருந்து காலியாக உள்ளன. 37 உறுப்பினர்களைக் கொண்ட அச்சபையின் பதவிக்காலம் அன்று முடிந்தது. ஏனைய மாகாணங்களின் சபைகளும் 2019ஆம் ஆண்டுக்குள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. 2017இல் தேர்தல் முறையை மாற்றும் திருத்தச் சட்டம் வந்தது. அதன்படி தயாரான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் தேர்தல் முடங்கியது. 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பொதுத் தேர்தலும் நடந்தன. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலும் நடந்தது. மாகாண சபைத் தேர்தல் மட்டும் நடக்கவில்லை.

சபை இல்லையென்றால் செலவும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மாகாண அமைச்சுகள், திணைக்களங்கள், பிரதம செயலாளர் அலுவலகம் எல்லாம் இயங்குகின்றன. திறைசேரியிலிருந்து பணம் வருகிறது. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் அதிகாரத்தின் கீழ் அது செலவாகிறது. கணக்காய்வாளர் நாயகம் கணக்கைப் பார்க்கிறார் என்பது உண்மை. ஆனால் கணக்காய்வு நடப்பது பணம் செலவான பிறகு. செலவாகும் முன் வரவு செலவுத் திட்டத்தைப் பிரித்துப் பார்த்து, மக்கள் பெயரால் கேள்வி கேட்பது உறுப்பினரின் வேலை. அந்த வேலையைச் செய்ய இப்போது எவரும் இல்லை.

எதைக் கேட்க வேண்டும்?

முதலில் சுகாதாரம். மாகாண சுகாதாரத்துக்கு இத்தனை கோடி என்று அறிவிப்பு வந்தால் நாம் மகிழ்ந்துவிடுகிறோம். அதில் பெரும் பகுதி சம்பளமும் மேலதிக நேரக் கொடுப்பனவும். புதிய விடுதிக்கும் உபகரணத்துக்கும் எஞ்சுவது சிறு பகுதிதான். அதிலும் ஒதுக்கியது வேறு, திறைசேரி விடுவித்தது வேறு. எனவே ‘எவ்வளவு ஒதுக்கினீர்கள்’ என்பதோடு நிறுத்தாமல், ‘எவ்வளவு வந்தது, வருட முடிவில் எவ்வளவு செலவாகாமல் திரும்பியது’ என்றும் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். போதனா வைத்தியசாலைகள் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளன. கிராமத்துப் பிரதேச வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாணத்தின் பொறுப்பு. ஆதார வைத்தியசாலைகளில் சில அங்கே, சில இங்கே. மருந்துக் கொள்வனவு பெரும்பாலும் கொழும்பில் நடக்கிறது. மருந்து இல்லை என்று மாகாண அதிகாரியிடம் சண்டை பிடித்தால் அவர் கொழும்பைக் காட்டுவார். கொழும்பிடம் கேட்டால் மாகாணம் உரிய நேரத்தில் கேட்கவில்லை என்பார்கள். இடையில் சீனி வருத்தத்துக்கு மாத்திரை வாங்கப் போன உம்மா வெறுங்கையோடு திரும்புகிறார்.

அடுத்தது வீதி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. உள்ளூர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் நகர சபைக்கும். இந்த மூன்று கைகளுக்கிடையில் பொறுப்பு நழுவினால் என்ன நடக்கும் என்பதற்குக் கிண்ணியா சாட்சி. குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில் மக்கள் ஒரு தற்காலிகப் படகுப் பாதையில் கடந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளின் ஜனாஸாக்களை அந்த ஊர் சுமந்தது. யார் அனுமதித்தது, யார் மாற்றுப் பாதை தந்திருக்க வேண்டும் என்ற கேள்விகள் அதன் பின்னர்தான் உரத்து எழுந்தன. அப்போது மாகாண சபை கலைந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. சபை இருந்திருந்தால் அந்த மரணங்கள் நிச்சயம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ‘பாலம் முடியும்வரை மக்கள் எப்படிக் கடப்பார்கள், அதற்கு எவ்வளவு பணம்’ என்று முன்கூட்டியே கேட்பதற்குரிய மாகாண மன்றம் இல்லாதிருந்தது என்பதைத்தான் சொல்கிறோம்.

மூன்றாவது எரிபொருள். தொகை சிறிதாகத் தெரியும், ஆனால் நிர்வாகத்தின் குணத்தை இதுபோல் காட்டும் கணக்கு வேறில்லை. 2021 டிசம்பர் இறுதியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீட்டர் 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவானது. டீசல் 121இலிருந்து 460க்குப் போனது. முந்திய வருடக் கணக்கில் போட்ட ஒதுக்கீடு சில மாதங்களில் கரைந்திருக்கும். அப்படியான நேரத்தில் எந்த வாகனம் ஓடியது, எது நின்றது? அம்பியூலன்ஸ் ஓடியதா, அதிகாரியின் ஜீப் ஓடியதா? இதை அறிய அரச வாகனங்களின் ஓட்டப் பதிவேடு போதும். ஓடிய கிலோமீற்றரையும் ஊற்றிய லீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

நமது பக்கத்துக் குறை

குறை முழுவதும் ஆட்சியாளரிடம் இல்லை. சபை இருந்த காலத்தில் நமது உறுப்பினர்களிடம் நாம் என்ன கேட்டோம்? நமது ஒழுங்கைக்கு கொங்கிறீட், நமது மகனுக்கு ஒரு வேலை, நமது ஊர் வைத்தியசாலைக்குத் தரமுயர்வு. கணக்குக் கேட்டவர்கள் குறைவு. இன்னொரு நோயும் உண்டு. கிழக்கில் முஸ்லிம் உறுப்பினர் தமிழ்க் கிராமத்து வைத்தியசாலையின் ஒதுக்கீட்டைப் பற்றிக் கேட்டாலும், தமிழ் உறுப்பினர் முஸ்லிம் ஊர் வீதியைப் பற்றிக் கேட்டாலும் அது இனப் பிரச்சினையாகிவிடுகிறது. கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் கேட்டவரின் பெயர் பார்க்கப்படுகிறது. இதனால் இலாபமடைவது கணக்கு மறைப்பவர் மட்டும்தான்.

கேள்வி கேட்பதைப் பகையாகப் பார்ப்பது நமது மார்க்கம் கற்றுத்தந்த பண்பும் அல்ல. ஸகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்துக் காட்டினார். அவர் தனது பெற்றோரின் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று பகிரங்கமாகக் கேட்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உண்டு. பொதுப்பணம் அமானிதம். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது சுமத்துபவரின் உரிமை, சுமப்பவருக்கு அவமானம் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

தேர்தலைக் கோருவது முதலாவது. அது வரும்வரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் சாதாரணப் பிரசைக்கும் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. மாகாணத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க முடியாது. ‘ஊழல் நடக்கிறதா’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்த வீதியின் மதிப்பீடு எவ்வளவு, கொந்தராத்துக்காரரின் பழுது திருத்தும் காலம் எப்போது முடிகிறது, இந்த வைத்தியசாலையின் அம்பியூலன்ஸ் சென்ற மாதம் எத்தனை கிலோமீற்றர் ஓடியது’ என்று கேட்டால், பதில் வரும். வராவிட்டால் மேன்முறையீடு உண்டு.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஊர்ச் சங்கங்களும் படித்த இளைஞர் இருவரை இந்த வேலைக்கு ஒதுக்கலாம். பக்கத்துத் தமிழ்க் கிராமத்தின் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதத்தில் இரண்டு ஊர்களின் வைத்தியசாலைகளைப் பற்றியும் கேட்டால், அதை இனப் பிரச்சினையாக்க எவராலும் முடியாது. நாளை மாகாண சபைத் தேர்தல் வந்து வேட்பாளர் நமது வாசலுக்கு வரும்போது, ‘என்ன தருவீர்கள்’ என்பதை விட்டு, ‘என்ன கேட்பீர்கள்’ என்று அவரிடம் கேட்போம்.