பிறப்பதற்கு முன்பே சதி செய்தவர்

சென்ற இதழில் மாக்ஸ் முல்லரைக் கூண்டில் ஏற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை ஒரு காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

கட்டுரையாளரின் வாதம் இதுதான்: முல்லர் மிஷனரிகளின் கையாள். வேதத்தைச் சிதைக்க மெக்காலே கூலிக்குப் பிடித்த ஆள். ஆரியர் திராவிடர் பிரிவினையை உண்டாக்கியவர். புராணங்களை ஒப்பிட்டு ஆராய்கிறேன் என்று அவர் சொன்னதெல்லாம் இதற்குப் போட்ட முகமூடி.

முதலில் மெக்காலே. முல்லர் 1823இல் ஜெர்மனியின் டெசாவ் நகரில் பிறந்தவர். ரிக் வேதத்தைப் பதிப்பிக்கும்படி அவரைத் தூண்டியது 1845இல் பாரிஸில் அவருக்கு ஆசிரியராக இருந்த பர்னூஃப். அச்சுச் செலவைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றது 1847இல். முதல் தொகுதி வந்தது 1849இல். மெக்காலேயுடன் நடந்ததாகச் சொல்லப்படும் அந்தப் 'பேரம்' 1855 டிசம்பரில். புத்தகம் அச்சாகி ஆறு வருஷம் கழித்து அதை எழுதக் கூலி பேசினார்களாம்! அந்தச் சந்திப்பில் நடந்ததை முல்லரே எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவுக்கு வரும் அதிகாரிகளுக்குக் கீழைமொழிகள் எதற்கு என்று மெக்காலேயே ஒரு மணி நேரம் பேசித் தீர்த்தாராம். இவர் வாய் திறக்க வழியில்லாமல் திரும்பினாராம். வேலைக்குக் கூப்பிட்ட ஆளிடம் அந்த வேலையே வீண் என்று பிரசங்கம் செய்த முதலாளியை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

அடுத்தது பிரிவினை. தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்று சென்னையில் இருந்த எல்லிஸ் எழுதி அச்சானது 1816இல். அப்போது முல்லர் பிறக்கவே ஏழு வருஷம் பாக்கி. சமஸ்கிருதத்துக்கும் கிரேக்கத்துக்கும் உள்ள உறவைக் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் சொன்னது 1786இல். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தபோது முல்லர் கிரேக்கக் கடவுளரின் பெயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்; புராண ஒப்பியல் பற்றிய அவருடைய பெயர்பெற்ற கட்டுரையும் அதே வருஷத்தது. 'ஆரியர்' என்ற சொல்லை ஊரெல்லாம் பரப்பியதில் அவருக்குப் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது மொழியைக் குறிக்கும் சொல், ரத்தத்தையும் மண்டையோட்டையும் அதனோடு சேர்த்துப் பேசுவது அபத்தம் என்று 1888இல் அழுத்தமாக எழுதியவரும் அவர்தான். தாமதமாக வந்த புத்தி என்று வையலாம். வரவேயில்லை என்று எழுதக் கூடாது.

வேதத்தைத் திரித்தாராம். எந்த வரியை? ஒரு வரி காட்டவில்லை. 1849 முதல் 1874 வரை ஆறு தொகுதிகளாக அவர் அச்சிட்டது மூலமும் சாயணர் உரையும். ஆங்கிலத்தில் அவர் பெயர்த்தது ரிக் வேதத்தில் ஒரு சிறு பகுதிதான்.

மிஷனரிக் குற்றச்சாட்டில் மட்டும் கொஞ்சம் சாரம் இருக்கிறது. மனைவிக்கும், 1868இல் ஆர்கைல் பிரபுவுக்கும் அவர் எழுதிய கடிதங்கள் உண்மை. இந்தியாவின் பழைய மதம் சாகப்போகிறது, அந்த இடத்துக்குக் கிறித்தவம் வர வேண்டும் என்றே அவர் ஆசைப்பட்டார். படிக்கும்போது எனக்கும் கசக்கிறது. ஆனால் 1860ஐக் கட்டுரையாளர் ஏன் தாண்டிக் குதித்தார்? ஆக்ஸ்ஃபோர்டின் போடன் சமஸ்கிருதப் பேராசிரியர் பதவி, இந்தியர்களை மதம் மாற்ற உதவ வேண்டும் என்றே ஏற்படுத்தப்பட்டது. கையாளுக்குத் தைத்துவைத்த சட்டை. அதற்கு நடந்த தேர்தலில் பாதிரிமார்கள் திரண்டு வந்து, இவர் ஜெர்மானியர், இவருடைய விசுவாசம் சரியில்லை என்று மோனியர் வில்லியம்ஸுக்கு வாக்களித்தார்கள். 833க்கு 610, முல்லர் தோற்றார். 1891இல் கிளாஸ்கோ சொற்பொழிவுகளுக்காக அவர்மீது மதவிரோதப் புகாரும் எழுந்தது. சிறையிலிருந்த திலகருக்குத் தம் ரிக் வேதப் பதிப்பை அனுப்பி, அவர் விடுதலைக்கான மனுவிலும் சேர்ந்துகொண்டார். சாயணரே மறுபடி பிறந்து வந்தாரோ என்று விவேகானந்தர் வியந்தது இந்தக் 'கையாளை'த்தான்.

முல்லரை அடிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அடி விழ வேண்டிய இடத்தை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் புகார்.

அவருடைய கொள்கை, புராணம் என்பது மொழிக்கு வந்த நோய் என்பது. வைகறையைச் சூரியன் துரத்துகிறது என்று ஆதி மனிதன் சொன்னான். காலப்போக்கில் சொல்லின் பொருள் மறந்தது. வைகறை ஒரு பெண்ணாகவும் சூரியன் அவளைத் துரத்தும் தேவனாகவும் ஆகிவிட்டார்கள். வேதத்தின் த்யௌஸும் கிரேக்கரின் ஜீயஸும் ரோமரின் ஜூபிடரும் ஒரே சொல் என்பது வரை கெட்டியான நிலம். அதற்கப்பால் அவருக்குத் தொட்டதெல்லாம் சூரியன். 1870இல் டப்ளினில் லிட்டில்டேல் என்பவர் அதே முறையை வைத்து, மாக்ஸ் முல்லர் என்று ஒரு மனிதரே இல்லை, அவரே ஒரு சூரியக் கதைதான் என்று நிரூபித்துக் கேலி செய்தார். இன்னும் கனமான அடி ஆண்ட்ரூ லாங் கொடுத்தது: இந்த மொழிகளோடு ஒட்டோ உறவோ இல்லாத ஆஸ்திரேலிய, அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இதே மாதிரிக் கதைகள் இருக்கின்றனவே, அங்கே எந்த மொழிக்கு நோய் வந்தது? முல்லரிடம் தக்க பதில் இல்லை.

கட்டுரையில் லாங்கும் இல்லை, லிட்டில்டேலும் இல்லை, சூரியனே இல்லை. ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்த்தது முல்லரின் பிழை. நம் கட்டுரையாளரிடமும் ஒரே சாவிதான். அதன் பெயர் சதி.

தமிழன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் அங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது. வேதத்தையே இந்திய சமயத்தின் வேராக வைத்துக்கொண்டு, பின்னால் வந்ததையெல்லாம் அதிலிருந்து முளைத்ததாகவோ கெட்டுப்போனதாகவோ பார்த்தவர் முல்லர். கொற்றவைக்கும் ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாருக்கும் அந்தக் கணக்கில் இடமே கிடையாது. இதைச் சொல்லி அவரைப் பிடித்திருந்தால் நானும் கூட நின்று கை கொடுத்திருப்பேன். கட்டுரையாளரால் அது முடியாது. அவருடைய இந்தியாவிலும் அய்யனார் இல்லை.