புண்பட்ட மனமும் புண்பட்ட உடலும்

"எங்கள் மனம் புண்பட்டுவிட்டது!" எனச் சிலர் கூவுகின்றனர். உடனே காவலர் வருகின்றனர், ஏடு பறிமுதலாகிறது, எழுதியவர் நீதிமன்றப் படிக்கட்டில் நிற்கிறார். நாம் கேட்கிறோம், உடலிலே பட்ட காயத்திற்கு மருத்துவர் சான்று தருவார். மனத்திலே பட்டதற்குச் சான்று தருபவர் யார்? பட்டதாகச் சொல்பவரேயன்றோ! பள்ளியிலே கணக்கு தவறு என்றால் மாணவன் மனமும் புண்படத்தான் செய்கிறது. அதற்காகச் சிவப்பு மையை நாம் வீசியெறிந்துவிட்டோமா?

இந்தச் சட்டம் பிறந்த கதையைப் பாருங்கள், தோழர்களே! 1924இல் லாகூரில் ராஜ்பால் என்பவர் நபிகள் நாயகத்தை நையாண்டி செய்யும் நூலொன்றை வெளியிட்டார். வழக்கு வந்தது. 153-ஏ பிரிவு மக்களுக்கிடையே பகை மூட்டுவதைத் தடுப்பது, மறைந்த சமயத் தலைவரைப் பற்றிய தாக்குதலை அது தடுக்காது என்று கூறி, 1927இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கொதிப்பு எழுந்தது. அதே ஆண்டில் வெள்ளையராட்சி 295-ஏ பிரிவைப் பெற்றெடுத்தது. அமைதி வந்ததா? 1929இல் ராஜ்பால் குத்திக் கொல்லப்பட்டார்! சட்டப் புத்தகத்தில் ஏறிய எழுத்து, கத்தியின் கூர்மையைக் குறைக்கவில்லை.

"வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் செய்தால்தானே குற்றம்?" என்பர் சட்டம் படித்த நண்பர்கள். உண்மைதான். ஆனால் நோக்கம் தூயதென்று தீர்ப்பு வரும்வரை அலைகிறானே, அந்த அலைச்சலுக்கு என்ன பெயர்? பெரியாரின் இராமாயண ஆராய்ச்சியை லலாய் சிங் இந்தியில் 'சச்சி ராமாயண்' என வெளியிட்டார். 1969 டிசம்பரில் உத்தரப்பிரதேச அரசு அதைப் பறிமுதல் செய்தது. 1971இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை உடைத்தது. அரசு விட்டதா? உச்சநீதிமன்றம் ஏறிற்று! 1976இல்தான் நீதிபதி கிருஷ்ணய்யர் முடித்து வைத்தார். அதுவும் எப்படி? எக்காரணத்தால் பறித்தோம் என்பதை அரசு தன் ஆணையில் எழுதவில்லை என்பதால்! காரணம் எழுதக் கற்றுக்கொண்ட அரசு அடுத்த முறை என்ன செய்யும்?

அப்படியானால் நாவுக்கு வேலியே வேண்டாமா? வேண்டும். 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி, துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்றது. கொல்லப்பட வேண்டியோர் பெயரையும் அறிவித்தது. ஏறத்தாழ நூறே நாட்களில் பல இலட்சம் பேர் மாண்டனர். அதை நடத்தியோரைப் பன்னாட்டு நீதிமன்றம் 2003இல் தண்டித்தது. அதனைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. ஏனெனில் அங்கே நடந்தது கருத்துப் போர் அன்று, ஆள்காட்டும் வேலை! கடவுளை ஏசினால் கடவுளின் கூரை எரிவதில்லை. ஒரு சாதியாரை, ஒரு மதத்தாரைப் புழுவென்று பேசி ஊரைக் கூட்டினால், எரிவது சேரியின் கூரை. வேலி அங்கே வேண்டும், உயரமாகவே வேண்டும்.

நம் நாட்டிலோ இரண்டையும் ஒரே கொட்டிலில் கட்டியிருக்கின்றனர். வெள்ளையன் தந்த 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தை 2024 ஜூலை முதல் நாள் கழித்துக் கட்டினார்கள். அடிமைச் சின்னம் ஒழிந்தது என்று மேளமும் கொட்டினார்கள். 295-ஏ ஒழிந்ததா? 299 என்று புதிய எண்ணைச் சூடிக்கொண்டு, அதே மூன்றாண்டுச் சிறையோடு பாரதிய நியாய சன்ஹிதாவில் வீற்றிருக்கிறது. பகை மூட்டுவோரைப் பிடிக்க 196 இருக்கிறது, அதை வைத்துக்கொள்ளட்டும். 299ஐ எடுத்தெறியுங்கள் என்கிறோம் நாம்.