புல்லைக் குப்பையில் கொட்டலாமா?



நம் பள்ளி மாதா கெபியின் முன்னுள்ள புல்தரையில் ஒரு பகுதியை வெட்டி, கோடை விடுமுறையில் மலர்ப்பாத்தி அமைக்கப் போகிறார்கள் என்று கேட்டு மகிழ்ந்தேன். அக்டோபர் ஜெபமாலை மாதத்தில் அங்கே செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் பூத்து நிற்கும். ஆனால் வெட்டி எடுக்கும் புல்லை என்ன செய்வது? "குப்பை வண்டியில் ஏற்றிவிட்டால் போயிற்று" என்று பலரும் சொல்கிறார்கள். அது கூடாது என்பது என் கருத்து.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். புல்லை மண்ணோடு பத்தை பத்தையாக வெட்டித் தெருக்கோடியில் கொட்டினோம். பாத்தி பள்ளமாகிவிட்டது. அதை நிரப்ப அப்பா ஒரு வண்டி செம்மண் வாங்கினார். நல்ல மண்ணை எறிந்துவிட்டு, வேறெங்கோ தோண்டிய மண்ணைக் காசு கொடுத்து வாங்கிய புத்திசாலிகள் நாங்கள்! பாட்டி இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 அடி நீளம், 4 அடி அகலமுள்ள இடத்தில் 2 அங்குல ஆழத்துக்குப் புல்லை வெட்டினால் ஆறரைக் கன அடிக்கு மேல் வரும். கன அடிக்கு 40 கிலோ என்று வைத்தாலும் 260 கிலோ! அதில் புல் கொஞ்சம்தான், மிகுதியெல்லாம் மண். அதுவும் வேரும் மட்கும் மண்புழுவும் நிறைந்த மேல்மண். டார்வின் என்றதும் நமக்குக் குரங்குதான் நினைவுக்கு வருகிறது. அவர் 1881ஆம் ஆண்டு மண்புழுக்கள் மண்ணை வளமாக்கும் விதத்தைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

மேல்மண் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, வானூர்ப் பக்கத்து அந்த மேட்டுநிலம் மரமின்றி, மழையில் செம்மண் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்தது. வரப்பு கட்டி, மழைநீரைத் தேக்கி, மரம் நட்டு அதை மீட்கப் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது.

"அருகம்புல்லை வைத்திருந்தால் பாத்தி முழுவதும் அதுவே முளைக்கும்" என்கிறார் நம் தோட்டக்காரத் தாத்தா. அவர் சொல்வது உண்மைதான். ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும் புல் அது. மணமக்களை அருகுபோல் வேரோட வேண்டும் என்று சும்மாவா வாழ்த்துகிறார்கள்? ஆகவே அப்படியே பாத்திக்குள் புதைக்கக் கூடாது. பத்தைகளைப் புல் கீழேயும் வேர் மேலேயும் இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இடையிடையே சாணிக் கரைசல் தெளித்து, வெளிச்சம் புகாதபடி தார்ப்பாயால் மூடிவிட வேண்டும். வெளிச்சம் இல்லாமல் புல் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? ஆனால் கோரைக்கிழங்கு எளிதில் சாகாது. அடுக்கும்போதே அதைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். குவியல் காய்ந்தால் கரையான் வந்துவிடும் என்பதால் அவ்வப்போது தண்ணீரும் தெளிக்க வேண்டும். ஏப்ரலில் அடுக்கினால், ஐப்பசி மழைக்குள் பெரும்பாலும் மட்கியிருக்கும். சலித்துப் பாத்தியில் போடலாம். எங்காவது வெள்ளை வேர் தெரிந்தால் இன்னும் சில வாரம் மூடி வைக்கலாம்.

நல்ல பத்தைகள் எல்லாவற்றையும் அடுக்கவும் வேண்டாம். குடிநீர்க் குழாயருகே நாம் மிதித்து மிதித்துப் புழுதியாக்கிய இடம் இருக்கிறதே, அங்கே பதித்துத் தண்ணீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும். வெள்ளை சாக்ஸ் துவைக்கும் அம்மாக்கள் மகிழ்வார்கள்!

குவியல் பார்க்க அழகாயிராது என்று சிஸ்டர்கள் தயங்கலாம். சமையலறைக்குப் பின்னால், கிணற்றடிச் சுவரோரம் ஆறடி இடம் போதும். அங்கே விருந்தினர் யாரும் வருவதில்லை. தார்ப்பாய் எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடக்கிறது. அப்பாவிடம் கேட்டுவிட்டேன்.