பழைய சுமை மோட்டாரும் குடியானவர் கையிருப்பும்

காங்கயத்தை அடுத்த கண்ணபுரம் சந்தையிலோ, ஆடி மாதத்தில் கூடும் அந்தியூர்ச் சந்தையிலோ ஒரு ஜோடி எருது வாங்கப் போகும் குடியானவர் அவசரப்படுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதன் பிறகே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறார். அதே குடியானவர் பழைய சுமை மோட்டார் ஒன்றை வாங்கப் போகும்பொழுது, புதிதாகப் பூசிய வர்ணத்தையும் மீட்டரில் காணும் எண்ணையும் பார்த்துவிட்டு, மாலைக்குள் முன்பணம் கொடுத்துத் திரும்புகிறார். மாட்டின் விஷயத்தில் பாட்டன் காலத்துப் பழக்கம் கைகொடுக்கிறது. மோட்டாரின் விஷயத்தில் அப்பழக்கம் இன்னும் ஏற்படவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்வதற்கில்லை.

தம் விளைபொருளைத் தாமே சந்தைக்குக் கொண்டுபோக வேண்டுமென்று விரும்புவது நியாயமே. ஒட்டன்சத்திரம், மேட்டுப்பாளையம் போன்ற மொத்த மார்க்கெட்டுகளுக்கும், 1999-ம் வருஷம் மதுரையில் முதலாவதாகத் திறக்கப்பட்டுப் பின் பல ஊர்களிலும் ஏற்பட்ட உழவர் சந்தைகளுக்கும் சரக்கு உரிய வேளையில் போய்ச் சேர வேண்டும். வாடகை வண்டி வராத நாளில், பறித்து வைத்த கத்தரிக்காயும் மல்லிகையும் அங்கேயே வாடிப்போகின்றன. புது வண்டிக்கோ கையில் பணமில்லை. ஆகவே 2005-ம் வருஷத்தில் வெளிவந்து, ஜனங்கள் வாயில் ‘குட்டி யானை’ என்று பெயர் பெற்ற டாட்டா ஏஸ் வண்டியையும், 1984 முதல் 2019 வரையில் செய்யப்பட்டு வந்த மாருதி ஆம்னி வேனையும், பல கைகள் மாறி லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய பின்பு, மலிவு விலைக்கு வாங்குவது வழக்கமாகிவிட்டது.

மலிவான வண்டியை வாங்கவே கூடாதென்று சிலர் சொல்வர். அது சரியன்று. அதிக தூரம் ஓடிய வண்டி என்பதற்காகவே ஒன்றைத் தள்ளிவிடுவதும் பிசகு. குறைந்த தூரம் என்பதற்காக ஒன்றை எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய பிசகு. மீட்டரைத் திருப்பி வைக்கத் தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. மீட்டர் குறைந்த தூரத்தைக் காட்டும்போது, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்தும், ஸ்டியரிங் சக்கரம் கைபட்டு மினுமினுத்தும், டிரைவர் ஆசனம் ஒரு புறமாகச் சரிந்தும் இருந்தால் எதை நம்புவதென்று சொல்ல வேண்டியதில்லை.

எவ்வளவு தூரம் ஓடிற்று என்பதைவிட, என்ன ஏற்றி ஓடிற்று என்பதே முதற் கேள்வி. நாமக்கல் பக்கம் முட்டை ஏற்றிய வண்டியும், இரவில் பத்திரிகைக் கட்டு ஏற்றிய வண்டியும் நல்ல ரஸ்தாவில், இலேசான பாரத்தோடு, ஒரே சீராக ஓடியவை. அவை இரண்டு லட்சம் கிலோமீட்டர் கடந்திருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. செங்கல்லும் மணலும் ஏற்றிய வண்டி அதில் பாதி தூரமே ஓடியிருந்தாலும் சேஸிஸும் ஸ்பிரிங் பட்டைகளும் களைத்துப் போயிருக்கும். கடற்கரைப் பக்கத்தில் மீனும் ஐஸும் சுமந்த வண்டி, தூத்துக்குடி வேதாரணியம் உப்பளங்களில் வேலை செய்த வண்டி, உரமூட்டை ஏற்றி ஈரத்தோடு நின்ற வண்டி ஆகியவற்றின் அடித்தளத்தை உப்பு அரித்திருக்கும். யந்திரத்தை மராமத்து செய்யலாம். உள்ளே துருப்பிடித்துப்போன சேஸிஸை மராமத்து செய்து கட்டுப்படியாகாது. வர்ணத்தின் கீழே பட்டி வைத்து மூடியிருப்பதைக் கண்டுபிடிக்க, மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்திப் பார்த்தால் போதும். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது. வண்டிக்கடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, சேஸிஸில் புதிதாக வெல்டு வைத்த இடங்களையும் பார்க்க வேண்டும். வேட்டி அழுக்காகுமே என்று எண்ணி இதைச் செய்யாமல் விட்டவர்கள் பின்னால் வருந்துகிறார்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில், யந்திரம் குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். குளிர்ந்த டீசல் யந்திரம் எத்தனை முயற்சியில் கிளம்புகிறதென்பதும், கிளம்பியபின் வரும் புகையின் நிறமும் அநேக சங்கதிகளைச் சொல்லிவிடும். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை, காற்று வடிகட்டி அடைபட்டோ டீசல் அளவுக்கு மிஞ்சியோ இருப்பதனால் உண்டாவது. அது சிறு செலவோடு தீரலாம். யந்திரம் சூடேறிய பிறகும் வெண்புகை ஓயாவிட்டால் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்று சொல்லும் ஆவி குபுகுபுவென்று எழுமானால், யந்திரத்தைப் பிரித்து வேலை செய்யும் காலம் கிட்டிவிட்டது என்று அறியலாம். ஆயில் அளவுக்குச்சியில் மோர் போன்ற நிறம் காணப்பட்டால் தண்ணீர் கலந்திருக்கிறது. அவ்வண்டியை அவ்வளவில் விட்டுவிடுவதே மேல். பிறகு ஐம்பது கிலோ மூட்டைகள் பத்து ஏற்றி, ஒரு மேட்டு ரஸ்தாவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும். வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிக்கொண்டு போவது உத்தமம். ஆனால் அவர் விற்பவருக்குப் பழக்கமானவராய் இருக்கக் கூடாது.

இனி பணத்தைப்பற்றி. ஒன்றரை லட்சம் ரூபாய் வைத்திருப்பவர் ஒன்றரை லட்ச ரூபாய் வண்டியை வாங்குவதே இவ்விஷயத்தில் நேரும் பெருந்தவறு. ஒரு லட்சத்துக்குள் வண்டியை முடித்து, ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வைக்க வேண்டும். டயர், பாட்டரி, பிரேக் லைனிங் இவை முதல் மூன்று மாதத்திற்குள் கேட்கும். இன்ஷூரன்ஸோ வண்டி பழையது என்று இரக்கம் காட்டுவதில்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சுமை வண்டிக்கு, பிறருக்கு நேரும் தீங்கை ஈடுசெய்யும் கட்டாய இன்ஷூரன்ஸ் கட்டணமாக 2022-ம் வருஷத்தில் நிர்ணயித்த தொகை 16,049 ரூபாய். வரி அதற்கு மேல். எட்டு லட்ச ரூபாய் வண்டிக்கும் எண்பதினாயிர ரூபாய் வண்டிக்கும் இது ஒன்றே.

ஒரு கணக்கு பார்க்கலாம். சந்தைக்குப் போய்வர 40 கிலோமீட்டர். வாடகை வண்டி நடை ஒன்றுக்கு 700 ரூபாய் என்று கொள்க. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் சொந்த வண்டிக்கு, லிட்டர் 92 ரூபாய் வீதம், நடைக்கு டீசல் 245 ரூபாய். இன்ஷூரன்ஸ் 17,000; எப்.சி., வரி முதலியவை 8,000. வண்டியின் மதிப்பு வருஷத்தில் குறைவது 15,000. ஆக 40,000 ரூபாய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. வருஷத்தில் 120 நாள் மட்டும் ஓட்டினால், டீசல் 29,400, மராமத்தும் டயரும் 25,000 சேர்த்துச் செலவு 94,400, வாடகையோ 84,000. 200 நாள் ஓட்டினால் டீசல் 49,000, மராமத்து 35,000, மொத்தம் 1,24,000; வாடகை 1,40,000. சுமார் 150 நாளில் இரண்டும் சரியாகின்றன. ஊருக்கு ஊர் தொகைகள் மாறும். அவரவர் தம் தொகைகளைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பதானால் இந்த லாபமும் நிற்காது. இரண்டு போகம் நெல் மட்டும் செய்பவர் வருஷத்தில் இருபது நாளுக்காக வண்டி வாங்குவது கௌரவத்துக்காக வாங்குவதே. தவணைக்குள் கட்டினால் வட்டியில்லையென்று கூட்டுறவுச் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனை வண்டியில் போட்டுவிட்டு, பயிருக்கு வெளியில் வட்டிக்கு வாங்குவதும் சில இடங்களில் நடக்கிறது. அதைப்பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை.

பதினைந்து வருஷமானால் வண்டியைச் சர்க்கார் உடைத்துவிடும் என்று தரகர்கள் பயமுறுத்தி, விற்கும் குடியானவரிடம் விலையைத் தாழ்த்துவதுண்டு. 2023-ம் வருஷத்தில் வந்த அந்த விதி சர்க்காருக்குச் சொந்தமான வண்டிகளைப்பற்றியது. தமிழ்நாட்டில் தனியார் சுமை வண்டி, எப்.சி. பரீட்சையில் தேறும்வரை ஓடலாம். எட்டு வருஷம் கடந்த வண்டிக்கு வருஷந்தோறும் அப்பரீட்சை உண்டு. பதினைந்து கடந்தால் கட்டணம் முன்னைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதை மட்டும் வாங்குபவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சுமை வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. குட்டி யானை இவ்வரம்புக்குள் அடங்கியது.

ஆம்னி வேனின் சங்கதி வேறு. அது சொந்த உபயோகத்துக்கென்று வெள்ளைப் பலகையோடு பதிவானது. ஆசனங்களைக் கழற்றிவிட்டுத் தக்காளிக் கூடைகளை ஏற்றுவதும், அண்டை அயலார் சரக்கை வாடகைக்குக் கொண்டுபோவதும் சட்டப்படி செல்லாது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி சொல்லும் முதல் ஆட்சேபணை இதுவே. காஸில் ஓடும் வேனாயின், அந்த ஏற்பாடு ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விலை குறைவென்று ஆம்னியை நாடுபவர் இதையெல்லாம் யோசித்தால் குட்டி யானைக்கே வந்துசேருவர். ஆனால் குட்டி யானையிலும் நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை நிற்கவைத்து ஏற்றிச் செல்லும் வழக்கம் கொடியது. சுமை வண்டியில் சரக்கின் சொந்தக்காரர், அவருடைய பிரதிநிதி, வண்டிக்குரிய ஆட்கள் தவிர, ஏறிச் செல்லும் பிறருக்கு இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்பதில்லை. வண்டி கவிழ்ந்தால் நஷ்டஈடு நிலத்தின்மேல்தான் வந்து விழும்.

கடைசியாகக் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியது, தஸ்தாவேஜு விஷயம். ஸ்டாம்புக் காகிதத்தில் விக்கிரயம் எழுதி, இரண்டு சாட்சி போட்டு, ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டால் வண்டி தம்முடையதாகிவிட்டது என்று குடியானவர்கள் நம்புகிறார்கள். அப்படியன்று. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவின்படி, விற்றவர் 14 நாளைக்குள்ளும் வாங்கியவர் 30 நாளைக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரியவை 29-ம் நம்பர், 30-ம் நம்பர் பாரங்கள். பைனான்ஸ் கம்பெனியின் கடன் ஆர்.சி.யில் ஏறியிருந்தால், அது தீர்ந்ததைக் காட்டும் 35-ம் நம்பர் பாரம் இல்லாமல் பெயர் மாறாது. வேறு மாகாணத்து வண்டியானால் அவ்விடத்து ஆட்சேபணையில்லாச் சான்றும் வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் நம்பரைக் கொடுத்தால் இன்ஷூரன்ஸ், எப்.சி. கெடு முதலியவை தெரியும். கட்டாமல் நிற்கும் அபராதங்களையும் அங்கே பார்க்கலாம்.

பெயர் மாற்றாமல் விடுவதில் வாங்குபவருக்கு மாத்திரம் அபாயம் என்று எண்ண வேண்டாம். வண்டி பல கைகள் மாறிப் போயிருந்தும், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர்; விபத்துக்கு அவரே பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. பத்து வருஷத்துக்கு முன் விற்று மறந்துபோன வண்டிக்காக ஒரு மிராசுதாருக்கு நோட்டீஸ் வரக்கூடும். வாங்கியவர் கதியும் நன்றாயில்லை: அவருடைய சொந்த வண்டி நொறுங்கியதற்கு, பாலிஸி தம் பெயருக்கு மாறாதவரையில், ஈடு கேட்க முடியாது.

ஆகையால் விக்கிரயப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு வருபவர்களிடம், மேற்படி பாரங்கள் கையெழுத்தாகியிருக்கின்றனவா என்று கிராம அதிகாரிகள் முதலில் கேட்பது நலம். குடியானவரும் முழுக் கிரயத்தையும் அன்றே எண்ணிக் கொடுக்காமல், பத்துப் பதினைந்தாயிரம் ரூபாயை நிறுத்தி, ஆர்.சி. தம் பெயரில் வந்துசேர்ந்த அன்று கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். இதற்கு இசையாத விற்பனைக்காரரிடம் பேரத்தை அத்துடன் முடித்துக்கொண்டு, அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.